சாம்பலின் அடையாளம் வேறு, வயது வேறு: எரிமலைச் சாம்பலை வைத்துப் பாறை அடுக்குகளைப் பொருத்துவது எப்படி?

கேள்வியைச் சுருக்கி எழுதிவிடுகிறேன். கென்யாவில் ஓர் எரிமலைச் சாம்பல் அடுக்கு இருக்கிறது. சுமார் 900 கிலோமீட்டர் தள்ளி எத்தியோப்பியாவில் இன்னொன்று இருக்கிறது. இரண்டும் ஒரே வெடிப்பில் விழுந்தவை என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்? ஓரிடத்துச் சாம்பலின் வயதை இன்னோர் இடத்து எலும்புக்குக் கொடுப்பது நியாயமா?

நியாயம்தான். ஆனால் முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு சாம்பலை அடையாளம் காண்பது ஒரு வேலை, அதற்கு வயது கணிப்பது இன்னொரு வேலை. செய்திகளில் இரண்டும் ஒன்றாகக் கலந்து வருவதால்தான் இவ்வளவு குழப்பம். அடையாளம் காண்பதற்கு வயது தேவையே இல்லை. வயது தப்பாகப் போன பிறகும் அடையாளம் சரியாக நின்ற ஒரு வழக்கு உண்டு. இந்தத் துறையையே அது மாற்றிப் போட்டது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லப்போகிறேன்.

அதற்கு முன், ஏன் சாம்பல்? ஆறு திசை மாறும், ஏரி சுருங்கும், கரை நகரும். பார்வைக்கு ஒரே மாதிரியான மணற்கல் இரண்டு இடங்களில் இருந்தால், இரண்டும் ஒரே காலத்தில் படிந்தவை என்று சொல்லிவிட முடியாது. நடுவே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் போயிருக்கலாம். விலங்குகளின் புதைபடிவங்களிலும் இதே சிக்கல்தான். ஓரிடத்தில் முன்னதாகத் தோன்றிய விலங்கு இன்னோர் இடத்துக்கு வெகுகாலம் கழித்துப் போய்ச் சேர்ந்திருக்கலாம். பெரிய வெடிப்பின் சாம்பலோ சில நாட்களில், மிஞ்சிப்போனால் சில வாரங்களில் விழுந்து முடிந்துவிடும். காடு, ஏரி, கடல் எல்லாவற்றின் மேலும் ஒரே சமயத்தில் விழும். புவியியல் காலக்கணக்கில் அது ஒரு கணம். ஐஸ்லாந்தின் சிகுர்துர் தோராரின்சன் தன் நாட்டுச் சாம்பல் அடுக்குகளை வைத்து 1944இல் இதை ஒரு முறையாகவே வகுத்துத் தந்தார்.

சரி, அடையாளத்துக்கு வருவோம். எரிமலைச் சாம்பல் என்பது விறகுச் சாம்பல் போல எரிந்து மிஞ்சியது இல்லை. பாறைக்குழம்புக்குள் கரைந்திருக்கும் வாயு, குழம்பு மேலே ஏறும்போது குமிழியாகப் பிரிந்து பொங்குகிறது. அந்த நுரை வெடித்துச் சிதறி, காற்றில் சட்டென்று குளிர்ந்து, படிகமாக நேரமில்லாமல் கண்ணாடியாகிவிடுகிறது. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் கையால் உடைத்த கண்ணாடிக் குமிழியின் ஓரங்கள் தெரியும்: வளைந்த சில்லுகள், மூன்று குமிழிகள் சந்தித்த இடத்தில் முக்கிளையாக நிற்கும் துண்டுகள், நீண்ட குழல்கள். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

இந்தக் கண்ணாடிதான் சாட்சி. வெடித்த கணத்தில் பாறைக்குழம்பின் வேதிக் கலவை எப்படி இருந்ததோ, அப்படியே அதற்குள் உறைந்திருக்கிறது. ஒரே எரிமலைகூட அடுத்த முறை வெடிக்கும்போது பெரும்பாலும் சற்றே வேறு கலவையைத்தான் கக்கும். நடுவில் சில தாதுக்கள் படிகமாகப் பிரிந்து அடியில் தங்கியிருக்கும், கீழிருந்து புதுக் குழம்பு வந்து கலந்திருக்கும், சுற்றுப் பாறை உருகிச் சேர்ந்திருக்கும். அதனால் இரும்பு, கால்சியம், டைட்டானியம், மாங்கனீசு ஆகியவற்றின் அளவு மாறும். சிர்கோனியம், பேரியம், நியோபியம், இட்ரியம் போன்று மிகச் சிறிய அளவில் உள்ள தனிமங்களோ இன்னும் கூர்மையாக மாறும்.

ஆய்வகத்தில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன், நம்பகத்தன்மை அங்கேதான் இருக்கிறது. களத்திலிருந்து வந்த மாதிரியைக் கழுவி, களிமண்ணையும் சுண்ணாம்பையும் நீர்த்த அமிலத்தால் நீக்கி, அடர்த்தி மிகுந்த திரவத்தில் போட்டுக் கண்ணாடியை மட்டும் பிரித்தெடுப்பார்கள். கண்ணாடி எடை குறைந்தது, மேலே மிதக்கும். அதைப் பிசினில் பதித்து, வழவழப்பாகத் தேய்த்து, மேலே மெல்லிய கரிப்பூச்சு கொடுத்து எலக்ட்ரான் மைக்ரோபுரோபுக்குள் வைப்பார்கள். எலக்ட்ரான் கற்றை பட்ட இடத்திலிருந்து கிளம்பும் எக்ஸ் கதிர்களை வைத்து, ஒவ்வொரு சில்லிலும் எந்தத் தனிமம் எவ்வளவு என்று தனித்தனியாகக் கணக்கிடுவார்கள். ஒன்றிரண்டு சில்லுகளோடு நிறுத்த மாட்டார்கள். மொத்த மாதிரியை அரைத்துச் சராசரி பார்த்தால், பழைய சாம்பல் ஏதாவது கலந்திருந்தால் தெரியாமலே போய்விடும். தனித்தனியாக அளந்தால் அந்நியச் சில்லு தனியாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கண்ணாடி மண்ணுக்குள் கிடக்கும்போது மெல்ல நீரை உறிஞ்சும். நீர் உள்ளே போகும்போது சோடியமும் பொட்டாசியமும் இடம்பெயரும். கற்றையின் சூட்டிலும் சோடியம் ஓடிவிடும். ஆகவே சோடியம், பொட்டாசிய அளவுகளை நம்பி இரண்டு பழைய சாம்பல்களைப் பொருத்தக் கூடாது. இரும்பு, கால்சியம், டைட்டானியம் போன்றவை பெரிதாக நகர்வதில்லை, அவற்றைத்தான் நம்ப வேண்டும். இந்த நுணுக்கம் வயதுக் கணக்குக்கும் பொருந்தும். பொட்டாசியம் சிதைந்து ஆர்கானாக மாறுவதை வைத்துக் கணிக்கும் முறையில் கண்ணாடியை நேரடியாகப் பயன்படுத்தினால் பொட்டாசியமும் தப்பும், ஆர்கானும் தப்பும்.

இனி அந்த வழக்கு.

கென்யாவின் வடக்கே துர்கானா ஏரி. அதன் கிழக்குக் கரையில் கூபி ஃபோரா. 1969இல் கே பெரென்ஸ்மையர் என்ற இளம் ஆய்வாளர் அங்கே ஒரு சாம்பல் அடுக்கோடு சேர்ந்து கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அவர் பெயரின் முதலெழுத்துகளும் களம் என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தும் சேர்ந்து அந்த அடுக்குக்கு 'கே பி எஸ் சாம்பல்' என்ற பெயர் வந்தது. மாதிரி இங்கிலாந்துக்குப் போனது. ஃபிராங்க் ஃபிட்ச், ஜாக் மில்லர் இருவரும் ஆர்கான் முறையில் அளந்தார்கள். முதல் மாதிரியில் வந்த வயது 20 கோடி ஆண்டுக்கும் மேல்! அந்தப் படிவில் அப்படி ஒரு வயதுக்கு வாய்ப்பே இல்லை. பழைய பாறைத் துகள்கள் கலந்திருக்கின்றன என்று புரிந்துகொண்டு, நல்ல படிகங்களைப் பொறுக்கி மறுபடி அளந்தார்கள். 1970இல் 26 லட்சம் ஆண்டு என்று வெளியிட்டார்கள்.

முதல் எண்ணே எச்சரித்திருக்க வேண்டும். கே பி எஸ் சாம்பலின் பெரும்பகுதி வானத்திலிருந்து நேராக விழுந்து அப்படியே கிடந்தது இல்லை. எத்தியோப்பிய மேட்டுநிலத்துப் பக்கம் வெடித்து விழுந்ததை ஓமோ ஆறு அள்ளிக்கொண்டு வந்து, ஏரிக் கரையிலும் ஆற்றுப் பள்ளங்களிலும் கொட்டியிருக்கிறது. வழியில் கிடைத்த பழைய பாறைகளின் ஃபெல்ட்ஸ்பார் (ஆர்கான் முறையில் அளக்கும் ஒரு தாது) மணிகளையும் சேர்த்துத்தான் கொண்டு வரும். ஒரு மாதிரியில் மிகப் பழைய படிகங்கள் கொஞ்சம் சேர்ந்தாலே போதும், மொத்த வயது லட்சக்கணக்கில் ஏறிவிடும்.

1972இல் நிலைமை சூடானது. கூபி ஃபோராவில் புதைபடிவங்களைத் தேடிய ரிச்சர்ட் லீக்கியின் குழுவில் இருந்த பெர்னார்ட் ஙெனேயோ, கே பி எஸ் சாம்பலுக்குக் கீழே உள்ள படிவில் ஒரு மண்டையோட்டின் துண்டுகளைப் பார்த்தார். அதுதான் 1470 என்ற எண்ணால் உலகம் அறிந்த மண்டையோடு. மூளை பெரியது, மனித இனத்தின் பக்கம் நிற்பது. சாம்பலுக்கு வயது 26 லட்சம் என்றால், அதன் கீழே கிடந்த இந்த மண்டையோடு அதைவிட மூத்தது. மனித இனத்தின் தொடக்கத்தையே பின்னுக்குத் தள்ளும் கணக்கு அது.

ஆனால் ஒத்துக்கொள்ளாத சாட்சிகள் இருந்தன. ஏரிக்கு வடக்கே, எத்தியோப்பிய எல்லைக்குள், ஓமோ ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஷுங்குரா என்ற படிவுத் தொகுதி இருக்கிறது. சுமார் 750 மீட்டருக்கு மேல் தடிமன். அதன் பிரிவுகளுக்கு அவற்றின் அடியில் உள்ள சாம்பல் அடுக்குகளை வைத்து ஏ, பி, சி என்று எழுத்துப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அங்கே வயதுக் கணக்கு ஒழுங்காக, கீழிருந்து மேலாகக் குறைந்துகொண்டே போனது. பேசில் குக் அங்குள்ள பன்றிப் புதைபடிவங்களை ஆராய்ந்தவர். கே பி எஸ் சாம்பலுக்குக் கீழே கிடந்த பன்றிகள், ஓமோவில் ஏறக்குறைய 20 லட்சம் ஆண்டுப் படிவில் கிடந்த பன்றிகளோடு ஒத்துப்போயின. பல்லின் நீளம், பல்லின் கட்டமைப்பு எல்லாமே அந்தக் காலத்தைத்தான் காட்டின. கூபி ஃபோரா தரப்பினர், அங்கே சூழல் வேறு, பன்றிகளும் வேறு வேகத்தில் மாறியிருக்கலாம் என்று பதில் சொன்னார்கள். பாறைகளில் பதிந்திருக்கும் பூமியின் காந்தத் திசைப் பதிவையும் 1974இல் 26 லட்சத்துக்கு இசைவாகவே வாசித்தார்கள். காந்தப் பதிவு வடக்கு, தெற்கு என்று மாறி மாறி வருவது. இடையில் ஒரு வயதைக் கொடுத்துவிட்டால் அதற்கேற்பப் பொருத்தி வாசித்துவிடலாம். தனியாக நின்று சாட்சி சொல்லும் வலு அதற்கு இல்லை.

1975இல் கலிபோர்னியாவின் பெர்க்லியிலிருந்து கார்னிஸ் கர்ட்டிஸ் குழு இன்னொரு குண்டைப் போட்டது. கே பி எஸ் என்று பெயரிட்ட சாம்பலில் ஓரிடத்து மாதிரிக்கு 18.2 லட்சம், இன்னோர் இடத்து மாதிரிக்கு 16 லட்சம். அப்படியானால் கே பி எஸ் ஒரே சாம்பலா, இரண்டா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது வேதியியல். யூட்டா பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் பிரவுன் ஓமோவில் பழம் தின்று கொட்டை போட்டவர். அவரும் தூர் செர்லிங்கும் மற்றவர்களும் சேர்ந்து கண்ணாடியின் கலவையை அளந்து 1979இல் வெளியிட்டார்கள். கே பி எஸ் என்று சொல்லப்பட்ட அடுக்குகள் ஒரே சாம்பல்தான். அது மட்டுமில்லை, ஷுங்குராவின் எச் பிரிவில் உள்ள எச்-2 என்ற சாம்பலும் அதுவேதான். ஷுங்குராவில் அந்த இடத்தின் வயது ஏற்கெனவே தெரியும், 20 லட்சத்துக்கும் குறைவு. யார் ஆய்வகம் சரி, யார் கருவி சரி என்ற சண்டைக்குள் போகாமலே, இரண்டு நாட்டுப் படிவுகளும் ஒரே கோட்டில் வந்து நின்றன. பன்றிகள் சொன்னது சரியாகிவிட்டது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

அதற்குப் பிறகு வயதும் வழிக்கு வந்தது. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் இயன் மெக்டூகல், சாம்பலுக்குள் கிடந்த நுரைக்கற்களை மட்டும் எடுத்தார். அந்த நுரைக்கல்லுக்குள் வளர்ந்திருந்த ஃபெல்ட்ஸ்பார் படிகங்களைப் பிரித்தார். நுரைக்கல்லுக்குள் இருக்கும் படிகம் அந்த வெடிப்போடு சேர்ந்தது, ஆற்றில் வந்து ஒட்டிய அந்நியர் இல்லை. 1980இல் அவருக்குக் கிடைத்தது 18.9 லட்சம், அடுத்த ஆண்டு வேறொரு ஆர்கான் முறையில் 18.8 லட்சம். சிர்கான் என்ற தாதுவின் படிகங்களில் யுரேனியப் பிளவு விட்ட தடங்களை எண்ணிய ஆண்ட்ரூ கிளேடோ 18.7 லட்சம் என்றார். பத்தாண்டுச் சண்டை அங்கே முடிந்தது. 1470 மண்டையோட்டின் வயது இன்று 20 லட்சத்தை ஒட்டி நிற்கிறது.

கேள்வியில் 900 கிலோமீட்டர் என்று கேட்டிருந்தீர்கள். அது துலு போர் சாம்பலின் கதை. கூபி ஃபோராவில் கே பி எஸ்ஸுக்கு வெகு கீழே கிடக்கும் சாம்பல் அது. 1982இல் பிரவுனும் செர்லிங்கும் அதை ஷுங்குராவின் பி சாம்பலோடு பொருத்தினார்கள், அதே ஆண்டு எத்தியோப்பியாவின் ஹதாரில் உள்ள சிதி ஹக்கோமா சாம்பலோடும் பிரவுன் பொருத்திக் காட்டினார். ஹதார் என்றால் மனிதனின் முன்னோர் வரிசையில் புகழ்பெற்ற லூசி கிடைத்த இடம். 1974இல் டொனால்ட் ஜோஹன்சன் கண்டெடுத்த அந்த எலும்புக்கூடு சிதி ஹக்கோமா சாம்பலுக்கு மேலே உள்ள படிவில் கிடந்தது. அப்போது ஹதாரின் வயது பற்றித் தீராத வாதம். இந்த ஒரு பொருத்தத்தால் ஹதாரின் கேள்வி துர்கானாவின் நீண்ட, ஒழுங்கான அடுக்கு வரிசைக்குள் வந்து உட்கார்ந்தது. சாம்பலின் வயது சுமார் 34 லட்சம் ஆண்டு, லூசி அதைவிட இளையவர், சுமார் 32 லட்சம்.

இதற்கும் எதிர்ப்பு வந்தது, வரவும் வேண்டும். "ஒரே மாதிரிக் கலவை தற்செயலாக இரண்டு முறை வந்திருந்தால்?" நல்ல கேள்வி. இதற்குப் பதில் கடலுக்கு அடியிலிருந்து வந்தது. ஏடன் வளைகுடாவில் ஆழ்கடல் துளையிடும் திட்டத்தின் 231ஆம் துளையில் எடுத்த நீண்ட உருளை வடிவப் படிவு மாதிரிகளில் மெல்லிய சாம்பல் கீற்றுகள் இருந்தன. ஆண்ட்ரே சார்னா-வோய்சிக்கி குழு 1985இல் அவற்றின் கண்ணாடியை அளந்தது. துலு போர் அங்கே இருந்தது. அதற்குக் கீழே, துர்கானாவில் மொய்த்தி என்று அழைக்கப்படும் இன்னும் பழைய சாம்பலும் இருந்தது. நிலத்தில் எது மேலே எது கீழேயோ, கடலடியிலும் அதே வரிசை. கடற்படிவில் நுண்ணுயிர் ஓடுகளை வைத்துத் தனியாகக் கணித்த காலமும் ஒத்துப்போனது.

இந்த வரிசைதான் விஷயம். ஊரில் முருகன் என்ற பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். அப்பா பெயரும், அண்ணன் தம்பி பெயரும், யார் மூத்தவர் என்பதும் சேர்ந்து ஒத்துப்போனால் ஆள் அவரேதான். சாம்பலும் அப்படித்தான். ஒரே ஒரு அடுக்கின் கலவை ஒத்துப்போனால் 'இருக்கலாம்' என்று சொல்லலாம். மூன்று நான்கு அடுக்குகள் ஒரே வரிசையில், நடுவே பொருந்தாத அடுக்கு எதுவும் குறுக்கே வராமல் ஒத்துப்போனால்தான் நிம்மதியாகச் சொல்லலாம். துர்கானாப் படுகையில் பிரவுனும் அவர் மாணவர்களும் பல்லாண்டுகள் செய்தது இதைத்தான். அடுக்கு அடுக்காக அளந்து, ஏரியின் கிழக்கு, மேற்கு, ஓமோ மூன்றையும் ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவந்தார்கள். மேற்குக் கரையில் 1984இல் கமோயா கிமேயு கண்டெடுத்த நரியோகோட்டோமே சிறுவனின் எலும்புக்கூட்டுக்கு 15, 16 லட்சம் ஆண்டு என்று தைரியமாகச் சொல்ல முடிவது இந்தச் சட்டகம் இருப்பதால்தான்.

இந்தியாவுக்கும் இதில் நேரடிப் பங்கு உண்டு. சுமத்ராவின் தோபா எரிமலை சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தது. கடந்த இருபது லட்சம் ஆண்டுகளில் அதற்கு இணையான வெடிப்பு இல்லை என்றே சொல்லலாம். நூறு கிலோமீட்டர் நீளமுள்ள தோபா ஏரி அதன் வாய்தான். அந்தச் சாம்பல் வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் தீபகற்ப இந்தியாவின் ஆற்றுப் பள்ளத்தாக்குகளிலும் கிடக்கிறது. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிப் படிவிலும், தென்னாப்பிரிக்கக் கடற்கரையில் பின்னக்கிள் பாயின்ட் குகையிலும்கூடக் கண்ணுக்குத் தெரியாத சில்லுகளாக அதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆந்திரத்தின் கர்னூல் பகுதியில் ஜ்வாலாபுரம் என்ற ஊரில் இரண்டரை மீட்டர் தடிமனுக்கு அது நிற்கிறது. வானத்திலிருந்து அவ்வளவும் விழவில்லை. விழுந்தது சில சென்டிமீட்டர்தான், மீதியைச் சுற்றுச் சரிவுகளிலிருந்து மழைநீர் அடித்துவந்து பள்ளத்தில் சேர்த்திருக்கிறது. அந்தச் சாம்பலுக்குக் கீழேயும் மேலேயும் கற்கருவிகள் கிடைத்ததை மைக்கேல் பெட்ராக்லியா, ரவி கொரிசெட்டர் குழு 2007இல் வெளியிட்டது. கருவிகள் பெரிதாக மாறவில்லை, ஆகவே அங்கே மனிதர்கள் அந்த வெடிப்பைத் தாண்டியும் வாழ்ந்திருக்கிறார்கள் என்பது அவர்கள் வாதம்.

ஆனால் தோபா ஒரு முறை மட்டும் வெடிக்கவில்லை. 12 லட்சம், 8 லட்சம், 5 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னும் பெரிதாக வெடித்திருக்கிறது, கலவையும் ஒன்றுக்கொன்று மிக நெருக்கம். இதனால் மாட்டிக்கொண்ட இடம் மகாராஷ்டிரத்தில் குகடி ஆற்றங்கரையில் உள்ள போரி. அங்கே சாம்பலோடு பழைய கைக்கோடரிக் கருவிகள் கிடைத்தன. பொட்டாசியம்-ஆர்கான் முறையில் பத்து லட்சத்துக்கும் மேல் என்றார்கள், பிறகு ஏழு லட்சத்தை ஒட்டி என்றார்கள். ஜான் வெஸ்ட்கேட் குழு 1998இல், கண்ணாடியிலேயே பிளவுத் தடங்களை எண்ணி, தீபகற்ப இந்தியாவில் கிடைத்த தோபாச் சாம்பல் எல்லாமே கடைசி வெடிப்பினுடையதுதான் என்றது. கே பி எஸ்ஸில் நடந்த அதே கோளாறுதான் இங்கேயும் நடந்தது என்று நான் நினைக்கிறேன். தக்காணத்துப் பசால்ட் பாறைக்கு வயது 6.6 கோடி ஆண்டு. ஆற்றுப் படிவில் அதன் துகள் கொஞ்சம் கலந்தாலே ஆர்கான் வயது எகிறிவிடும். எல்லாரும் இதை ஏற்கவில்லை, போரிச் சாம்பல் 8 லட்சம் ஆண்டு வெடிப்பினுடையது என்று அண்மையிலும் எழுதியிருக்கிறார்கள். தோபாவின் இளைய சாம்பலில் பேரியம், இட்ரியம் அளவுப்படி நான்கு வகைக் கண்ணாடி ஒன்றாகக் கிடக்கும், பழைய வெடிப்புகளில் அந்தக் கலவை இல்லை. இந்த வகைச் சோதனையைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

இன்னும் வெகு பழைய பாறைக்குப் போனால் கண்ணாடியே இருக்காது. பல கோடி ஆண்டுகளில் அது களிமண்ணாகிவிடும், பெண்டோனைட் என்பார்கள். சுண்ணாம்புக்கல் சுவரில் விரல் வைத்தால் சோப்பு போல வழுக்கும் மெல்லிய வெளிர் பட்டை. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் டைக்கி, மில்பிரிக் என்று இரண்டு பட்டைகள் பல மாநிலங்களைக் கடந்து ஓடுகின்றன. ஸ்வீடனில் கின்னக்குல்லே என்று ஒன்று. எல்லாம் சுமார் 45 கோடி ஆண்டுக்கு முந்தியவை. 1992இல் வாரன் ஹஃப், ஸ்டிக் பெர்க்ஸ்ட்ரோம், டென்னிஸ் கொலாட்டா மூவரும் மில்பிரிக்கும் கின்னக்குல்லேயும் ஒரே மாபெரும் வெடிப்பு என்று முன்வைத்தார்கள். கண்ணாடி போன பிறகு மிஞ்சுவது அப்படைட், சிர்கான் போன்ற உறுதியான படிகங்கள். அவற்றை நுணுக்கமாக அளக்க ஆரம்பித்ததும் இரண்டும் ஒன்றில்லை என்று தெரிய வந்தது. சிர்கான் வயதுகள் இரண்டுக்கும் நடுவே தெளிவான இடைவெளி காட்டுகின்றன. களிமண்ணான சாம்பலில் தூரப் பொருத்தம் சொல்பவர்களிடம் படிகத் தரவு இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

கேள்வியின் கடைசிப் பகுதிக்கு, அதாவது ஓரிடத்து வயதை இன்னோர் இடத்து எலும்புக்குக் கொடுக்கலாமா என்பதற்கு, அண்மைய நல்ல உதாரணம் ஓமோ கிபிஷ். தெற்கு எத்தியோப்பியாவில் கிடைத்த ஓமோ-1 என்ற எலும்புகள் நம் இனத்தின் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று. 2005இல் அதற்குச் சுமார் 1,95,000 ஆண்டு என்று கணித்திருந்தார்கள். எலும்புக்கு மேலே தடித்த சாம்பல் படிவு ஒன்று கிடக்கிறது. ஆனால் அது மாவு போல நுண்ணியது, வயது கணிக்கத் தேவையான படிகங்கள் அதில் கிடைக்காது. எரிமலைக்குப் பக்கத்தில் கனமான படிகங்களும் நுரைக்கற்களும் விழும், தூரத்துக்கு வருவது லேசான கண்ணாடி மட்டும்தான். இது எல்லாப் பெரிய வெடிப்புக்கும் பொது.

கேம்பிரிட்ஜின் செலின் விடால் குழு இதை எதிர்த்திசையில் செய்தது. நுண்ணிய சாம்பலின் கண்ணாடியை அளந்து, எத்தியோப்பியப் பிளவுப் பள்ளத்தாக்கின் எரிமலைகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள். 350 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் ஷாலா எரிமலையின் ஒரு குறிப்பிட்ட வெடிப்போடு அது பொருந்தியது. அந்த எரிமலையின் பக்கத்திலேயே அதே வெடிப்பின் தடித்த படிவில் நல்ல ஃபெல்ட்ஸ்பார் படிகங்கள் இருந்தன. அவற்றை அளந்து 2022இல் வெளியிட்ட வயது 2,33,000 ஆண்டு, கூடக்குறைய 22,000. ஓமோ-1 அந்தச் சாம்பலுக்குக் கீழே கிடப்பதால், அதன் வயது குறைந்தபட்சம் அவ்வளவு. எலும்பு ஓரிடம், வயது தந்த படிகம் இன்னோரிடம், இரண்டையும் இணைத்தது கண்ணாடியின் கலவை.

இதுபோன்ற முடிவு ஒன்றைப் படிக்கும்போது நீங்களே கேட்டுப் பார்க்கக்கூடியவை சில உண்டு. அளந்தது தனித்தனிச் சில்லுகளையா, மொத்த மாதிரியையா? பொருத்தியது ஓர் அடுக்கையா, வரிசையையா? அதே எரிமலையின் மற்ற வெடிப்புகளோடும் ஒப்பிட்டுத் தள்ளியிருக்கிறார்களா? சாம்பல் நேராக விழுந்ததா, ஆறு கொண்டுவந்ததா? ஆறு கொண்டுவந்திருந்தால் வயது எந்தப் படிகத்திலிருந்து வந்தது? கடைசியாக, எலும்பு சாம்பலுக்கு மேலேயா கீழேயா என்று பாருங்கள். கீழே என்றால் சாம்பலின் வயது அதற்குக் குறைந்தபட்ச வயது, மேலே என்றால் அதிகபட்ச வயது. இரண்டு சாம்பலுக்கு நடுவே கிடந்தால்தான் இரு பக்கமும் எல்லை கட்ட முடியும்.